இரட்டைக் குழந்தைக்கு நார்மலா, சிசேரியனா? இரண்டாவது குழந்தையை யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள்

கேள்வி இது. உங்களுக்கு 29 வயது. மூத்த பையனுக்கு 3 வயது, அவன் சுகப்பிரசவத்தில் பிறந்தவன். இப்போது வயிற்றில் இரட்டை, 32 வாரம் ஆகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி.சி.டி.ஏ. என்று போட்டிருக்கிறார்கள். முதல் குழந்தை தலை கீழே, எடை சுமார் 1.7 கிலோ. இரண்டாவது குறுக்கே கிடக்கிறது, 1.65 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. நீங்கள் காட்டும் தனியார் மருத்துவமனையில், "இரட்டை என்றாலே சிசேரியன்தான், 36-வது வாரத்தில் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அரசு மருத்துவமனையில் காட்டியபோது, "உங்களுக்கு நார்மல் ஆக நல்ல வாய்ப்பு இருக்கிறது, முயற்சி செய்யலாம்" என்றார்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். மாமியாருக்கு ஒரே பயம், ஒன்று நார்மலாகப் பிறந்து இன்னொன்றுக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டி வந்தால் இரண்டு வேதனையையும் படவேண்டுமே என்று.

நான் மகப்பேறு மருத்துவர், லேபர் வார்டிலேயே பெரும்பகுதி காலத்தைக் கழித்தவள். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன விவரங்கள் அப்படியே இருந்தால், சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யத் தகுதியானவர்களில் நீங்கள் முன்வரிசையில் இருப்பவர். ஆனால் எந்த மருத்துவமனையில் முயற்சி செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துதான் அந்த முயற்சி பாதுகாப்பானதா இல்லையா என்று சொல்ல முடியும். அதற்கான வசதியும் ஆட்களும் இல்லாத இடம் என்றால் சிசேரியனே சரி. அப்போதும் 36-வது வாரத்தில் வேண்டாம்.

இனி காரணங்கள். டி.சி.டி.ஏ. என்றால் இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனி நஞ்சு (நஞ்சுக்கொடி), தனித்தனி பனிக்குடம். இரட்டையில் நல்ல வகை இதுதான். ஒரே நஞ்சை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டால், நஞ்சுக்குள் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. அதனால்தான் அவர்களுக்கு 16 வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். பனிக்குடமும் ஒன்றே என்றால் தொப்புள்கொடிகள் பின்னிக்கொள்ளும். அந்த வகைக்கு மட்டும் பேச்சே இல்லை, 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன். ஒரே நஞ்சு, ஆனால் இரண்டு பனிக்குடம் என்றால் எல்லாம் சீராக இருக்கும்போது சுகப்பிரசவம் தடையில்லை. ஆனால் 37-வது வாரம் வரை பொறுப்பதில்லை, 36 வாரம் முடிந்ததும் பிரசவம் பார்த்துவிடச் சொல்கிறது பிரிட்டனின் வழிகாட்டி.

நஞ்சு ஒன்றா இரண்டா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகப் பார்க்கலாம். பிறகு போகப்போகக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் உங்கள் பழைய ஃபைலைத் தேடி, மூன்றாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் இதே டி.சி.டி.ஏ. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதி. இப்போதைய ரிப்போர்ட்டில் மட்டும் இருந்தால் அந்தப் பழைய படங்களை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, கீழே இருக்கும் குழந்தை எப்படி இருக்கிறது என்பது. முதல் குழந்தை தலை கீழாக இல்லாமல் பிட்டம் கீழே இருந்தாலோ குறுக்கே கிடந்தாலோ பொதுவாக சிசேரியன்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒரு இரட்டைப் பிரசவத்தில் இந்த நிலை வருகிறது. மற்ற நான்கிலும் முதல் குழந்தையின் தலை கீழேதான் இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான்.

இரண்டாவது குறுக்கே கிடக்கிறதே என்று பயப்படுகிறீர்கள். 32 வாரத்தில் இரண்டாவது குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிரசவம் வரை அது புரண்டுகொண்டே இருக்கும். ஏன், முதல் குழந்தை வெளியே வந்த அடுத்த நிமிடமே, திடீரென்று இடம் கிடைத்த சந்தோஷத்தில் தலைகீழாக இருந்தது குறுக்கே போவதும், குறுக்கே கிடந்தது நேராவதும் உண்டு. அதனால் இரண்டாவது எந்தப் பக்கம் என்பதைவிட, எந்தப் பக்கம் இருந்தாலும் எடுக்கத் தெரிந்த கை அங்கே இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வீட்டில் உங்களுக்குள் வாதம் செய்துகொண்டிருக்காமல் மருத்துவமனையில் போய்க் கேட்கவேண்டிய கேள்வி அது.

அந்தக் கட்டத்தில் லேபர் அறையில் என்ன நடக்கிறது என்று சொன்னால் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். முதல் குழந்தை பிறந்து, கொடியைக் கிளிப் போட்டு வெட்டி, குழந்தை மருத்துவர் கையில் கொடுத்தாயிற்று. அம்மா அழுதுகொண்டே சிரிப்பாள். அந்த நேரத்தில் எங்கள் யார் கண்ணும் அந்தக் குழந்தை மேல் இருக்காது. ஒருவர் அம்மாவின் வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, உள்ளே இருக்கும் குழந்தை குறுக்கே போய்விடாமல் நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் சின்ன ஸ்கேன் மெஷினை வைத்துத் தலை எங்கே, முதுகு எங்கே என்று பார்ப்பார். மானிட்டரில் அந்தக் குழந்தையின் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். முதல் குழந்தை வந்ததும் வலி கொஞ்ச நேரம் ஓய்ந்துபோவது வழக்கம், ஆகவே டிரிப்பில் ஆக்ஸிடோசினைக் கூட்டுவார்கள். தலை இறங்கி வந்தால் அம்மா முக்கினாலே போதும், பாதை ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. தலை வரவில்லை, பிட்டமோ காலோ கீழே இருக்கிறது, அல்லது குறுக்கே கிடக்கிறது என்றால் மருத்துவர் கையை உள்ளே விட்டு, பனிக்குடம் உடையாமல் இருக்கும்போதே இரண்டு பாதத்தையும் தடவிப் பிடித்து, மெதுவாகக் கீழே இழுத்துக் கால் வழியாகவே குழந்தையை எடுத்துவிடுவார். எடுக்கத் தெரிந்தவர் செய்தால் சில நிமிட வேலை. விரலுக்குத் தட்டுப்படுவது கையா காலா என்று குதிகாலைத் தொட்டுத்தான் உறுதி செய்வோம், கையில் குதிகால் கிடையாதே. தெரியாதவர் செய்தால் கையை இழுத்துவிடுவார், கொடி முன்னால் நழுவிவிடும், நல்ல குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்துவிடும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எல்லா இரட்டைக்கும் சிசேரியன் செய்யும் இடத்தில் படித்து வரும் இளம் மருத்துவர் இதைக் கண்ணால் பார்க்க வாய்ப்பே இல்லை, கையால் செய்வது எங்கே? அதனால் உங்கள் தனியார் மருத்துவமனை "இங்கே சிசேரியன்தான்" என்று சொன்னதை உடனே பணத்துக்காகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி 2 மணிக்கு ஒரே ஒரு டூட்டி டாக்டரும் இரண்டு நர்ஸும் இருக்கும் இடத்தில், மயக்க மருந்து நிபுணர் போன் செய்தபிறகு கிளம்பி வரவேண்டிய இடத்தில், அது நேர்மையான பதில். எனக்குப் பிடிக்காதது "இரட்டை என்றாலே சிசேரியன்" என்ற வாக்கியம்தான். "எங்களிடம் அதற்கான ஏற்பாடு இல்லை" என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால் உண்டு. 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 25 நாடுகளில் சுமார் 2,800 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் 32 வாரம் தாண்டிய இரட்டை, முதல் குழந்தை தலை கீழே, அதாவது உங்களைப் போலத்தான். பாதிப் பேருக்குத் திட்டமிட்ட சிசேரியன், பாதிப் பேருக்குத் திட்டமிட்ட சுகப்பிரசவம் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். குழந்தை இறப்பும் கடுமையான பாதிப்பும் சேர்த்துப் பார்த்தால் சிசேரியன் பக்கம் 2.2 சதவீதம், சுகப்பிரசவப் பக்கம் 1.9 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். குழந்தைகளுக்கு 2 வயது ஆனபிறகு வளர்ச்சியைப் பார்த்தார்கள், அதிலும் வித்தியாசம் இல்லை. ஆக, முதல் குழந்தை தலை கீழே இருக்கும்போது "குழந்தைகளின் பாதுகாப்புக்காக சிசேரியன்" என்ற வாதத்துக்குப் பொதுவான ஆதாரம் கிடையாது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த மருத்துவமனைகளில் இரட்டைப் பிரசவம் பார்க்கப் பழகியவர்கள் இருந்தார்கள், உடனே ஆபரேஷன் செய்யும் வசதியும் இருந்தது. முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை விட்டுவிடக் கூடாது.

அதே ஆய்வில் உங்கள் மாமியாரின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கு இரண்டு குழந்தையும் நார்மல். ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு முதல் குழந்தை பிறப்பதற்கு முன்பே ஏதோ காரணத்தால் சிசேரியன் ஆகிவிட்டது. ஒன்று நார்மல், இன்னொன்று சிசேரியன் என்று ஆனது சுமார் 4 சதவீதம், அதாவது நூற்றுக்கு நான்கு பேர். மாமியார் சொல்வது நடக்கும், அபூர்வமாக நடக்கும். பிரான்சில் 2014-15-ல் 5,900-க்கும் மேற்பட்ட இரட்டைப் பிரசவங்களைக் கவனித்தார்கள். அங்கே சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 80 சதவீதம் பேருக்கு இரண்டும் நார்மலாகவே பிறந்தன. பிரான்சில் இரண்டாவது குழந்தையைக் காத்திருக்காமல் கால் பிடித்து எடுக்கும் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் மேலே சொன்ன கைப்பழக்கத்தின் மதிப்பு அந்த எண்ணில் தெரிகிறது.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது. இது பெரிய பலம். கருப்பை வாய் சீக்கிரம் திறக்கும், இடுப்பு ஒரு குழந்தைக்கு வழிவிட்டுப் பழகியது, இரட்டையில் ஒவ்வொன்றும் மூத்தவனைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். இதே கேள்வியை முதல் பிரசவத்துக்கு நிற்பவர் கேட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். முன்பு சிசேரியன் ஆனவர் கேட்டிருந்தால் இன்னும் யோசித்திருப்பேன். குழந்தைகளின் எடையும் உங்களுக்குச் சாதகம்தான். இரண்டாவது குழந்தை முதலாவதைவிட ரொம்பப் பெரியதாக இருந்தால் நாங்கள் தயங்குவோம். முதல் குழந்தை திறந்துவிட்ட பாதை அதற்குப் போதாமல் போகலாம். உங்களுக்கு 50 கிராம்தான் வித்தியாசம், அதுவும் மறுபக்கம்.

இனி அந்த 36-வது வாரம், நல்ல நாள் விஷயம். தனித்தனி நஞ்சு உள்ள, எந்தச் சிக்கலும் இல்லாத இரட்டையை 37 வாரம் முடிந்தபிறகு எடுக்கச் சொல்கிறது பிரிட்டன் வழிகாட்டி. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 38 வாரம் முடியும்வரைகூடப் பொறுக்கச் சொல்கிறது. 36-ல் எடுத்தால் என்ன? குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கும், பால் இழுத்துக் குடிக்கத் தெம்பு இருக்காது, மஞ்சள் காமாலை கூடும், உடம்புச் சூடு நிற்காது. வலி வராமல் சிசேரியனில் எடுக்கும்போது மூச்சுப் பிரச்சினை இன்னும் அதிகம். இரண்டு குழந்தைகளும் கண்ணாடிப் பெட்டியில் இருக்க, நீங்கள் தையலோடு ஒரு மாடி ஏறி ஒரு மாடி இறங்கிப் பால் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். நட்சத்திரம் பார்ப்பது உங்கள் குடும்ப நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. 37 வாரம் தாண்டிய நாட்களில் பார்த்துக்கொள்ளுங்கள், பகல் நேரமாக, எல்லா டாக்டர்களும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஜோசியர் அதிகாலை 4.20 என்று குறித்துக் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, "36-வது வாரம்" என்று சொன்னால் 35 வாரம் முடிந்து 36 நடக்கிறது என்றும் அர்த்தம் வரும். டாக்டரிடம் "எத்தனை வாரம் முடிந்திருக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கணக்கில் பேசினால் இந்தக் குழப்பம் இன்னும் மோசம்.

நாம் தேதி குறித்தாலும் குழந்தைகள் காத்திருக்க வேண்டுமே. இரட்டைக் கர்ப்பத்தில் நூற்றுக்கு அறுபது பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே தானாகவே பிரசவம் ஆகிவிடுகிறது. அதனால் நீங்கள் எந்த மருத்துவமனையை முடிவு செய்தாலும் அங்கே குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு படுக்கை கிடைக்க வேண்டும். பிறந்தபிறகு ஒரு குழந்தையை இங்கேயும் இன்னொன்றை 40 கிலோமீட்டர் தள்ளியும் வைத்துப் பார்த்த குடும்பங்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அப்பா ஒரு ஊரில், அம்மா ஒரு ஊரில், பால் பாட்டில் பஸ்ஸில் போகும்.

சிசேரியனைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒன்று, அது வலியில்லாத சுலப வழி. இன்னொன்று, சிசேரியன் ஆனவள் சரியாகப் பெறாதவள். இரண்டுமே தப்பு. தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். மொத்தப் பிரசவங்களிலேயே இவ்வளவு ஆகும்போது, இரட்டை என்றதும் யாரும் இரண்டாவது யோசனை செய்வதில்லை. உங்களுக்கு மூன்று வயதுப் பையன் இருக்கிறான், இரண்டு கைக்குழந்தைகள் வரப்போகின்றன. ஆபரேஷன் ஆன வயிற்றோடு மூன்று பேரைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், கருப்பையில் தழும்பு இருப்பது அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அதன் மேல் ஒட்டி வளரும் ஆபத்தைக் கூட்டும். குடும்பம் இதோடு போதும் என்றால் இந்தக் காரணத்துக்கு எடை குறைவு. அதே சமயம், முயற்சி செய்து பாதியில் ஆபரேஷன் ஆனால் திட்டமிட்டுச் செய்வதைவிட உடம்பு கொஞ்சம் அதிகம் களைக்கும். இதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

எந்த வழியில் பிறந்தாலும் நான் அதிகம் பயப்படுவது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்குத்தான். இரண்டு குழந்தைகளைச் சுமந்து விரிந்த கருப்பை உடனே சுருங்காமல் தளர்ந்து நிற்கும், ரத்தம் கொட்டும். இதற்கு ஊசி, மருந்து, பலூன் எல்லாம் உண்டு. ஆனால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு தாங்காது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 11-க்குக் கீழே இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரை வேலை செய்ய இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் இரும்புச் சத்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். உங்கள் ரத்த வகை இரண்டு யூனிட் தயாராக இருக்குமா என்று மருத்துவமனையில் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது.

சரி, இப்போது அரசு மருத்துவமனை. "முயற்சி செய்யலாம்" என்று சொன்ன டாக்டர் பிரசவத்தன்று இருப்பாரா, இல்லாவிட்டால் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, இருபத்துநான்கு மணி நேரமும் சிசேரியன் செய்யும் சீமாங் மையமோ என்றால் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். உங்கள் தனியார் மருத்துவமனையில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது என்றால் அது இதுதான், ராத்திரியிலும் ஆள் இருப்பது. கூட்டம் அதிகம், தனி அறை கிடைக்காது, சில நேரம் கனிவாகப் பேச மாட்டார்கள். அது உண்மை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே போவேன். முதுகு வழியாக வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் எபிடியூரல் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். வலி குறைவது ஒரு பக்கம், இரண்டாவது குழந்தையைக் கைவிட்டு எடுக்கவோ அவசரமாக ஆபரேஷன் செய்யவோ வேண்டி வந்தால் மயக்கம் கொடுக்க நேரம் போகாது. எல்லா இடத்திலும் கிடைக்காது, கிடைக்காவிட்டால் அதற்காக முயற்சியைக் கைவிடவும் வேண்டாம்.

அந்த டாக்டரிடம் நேராக, "இரண்டாவது குழந்தை குறுக்கே இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "வெளியிலிருந்து திருப்பிப் பார்ப்போம், இல்லையென்றால் கால் பிடித்து எடுப்போம், அதுவும் முடியாவிட்டால் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கிறது" என்ற மாதிரி பதில் தயங்காமல் வந்தால் நம்பி இருங்கள். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்தால், திட்டமிட்ட சிசேரியனை 37 வாரம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், மனதில் ஒரு குறையும் இல்லாமல்.

34-வது வாரத்தில் அடுத்த ஸ்கேன் வரும். அதில் முதல் குழந்தை தலை மேலே போயிருந்தாலோ, ஒரு குழந்தை மட்டும் வளராமல் பின்தங்கினாலோ, உங்களுக்குப் பிரஷர் ஏறினாலோ நான் இதுவரை சொன்ன கணக்கு மாறும், சிசேரியன் பக்கம் சாயும். அந்த ஸ்கேனுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நூற்றுக்கு நான்கு கணக்கை டாக்டர் வாயால் அவர் கேட்பது, நீங்கள் வீட்டில் வந்து சொல்வதைவிட நல்லது.

அதுவரைக்கும் ஒரு விஷயம். வயிறு அடிக்கடி இறுகி இறுகி விட்டாலோ, நீர் போனாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தைகளின் அசைவு குறைந்தாலோ, காலை வரை பார்க்கலாம் என்று படுத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இப்போது வலி வந்தால் குழந்தைகளின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறீர்களோ அவ்வளவு மணி நேரம் குழந்தைகளுக்குக் கிடைக்கும். மூத்தவனை அன்றைக்கு யார் வீட்டில் விடுவது என்பதையும் இந்த வாரமே பேசி வைத்துவிடுங்கள், பல பேர் கிளம்பத் தாமதமாவது அதனால்தான்.